நிழல் எங்கே விழும், பணம் எங்கிருந்து வரும்?

பள்ளி மைதானத்தில் நிழற்கூரை போடுவது பற்றிச் சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும் இந்த இதழில்.

எங்கள் மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் சறுக்குமரமும் ஊஞ்சலும் வெட்டவெளியில் நிற்கின்றன. பத்தரை மணிக்கு மேல் கை வைத்தால் சுடுகிறது. கூரை போட யாரிடம் பணம் கேட்பது?
— பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், வியாசர்பாடி

கேட்கப் போவதற்கு முன் கையில் ஒரு தாள் வேண்டும். அது உங்கள் குழுவின் தீர்மானம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் அந்தக் குழுவின் வேலைதான். ‘நிழற்கூரை தேவை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள். எந்த இடத்தில், எத்தனை அடிக்கு எத்தனை அடி, கூரைக்குக் கீழே என்ன இருக்கும், எந்த நேரத்தில் எத்தனை குழந்தைகள் அங்கே இருப்பார்கள் என்பதெல்லாம் தீர்மானத்திலேயே இருக்கட்டும். கூடவே கைப்படம் ஒன்று, நண்பகலில் எடுத்த இரண்டு புகைப்படங்கள்.

ஆண்டுதோறும் வரும் பள்ளி மானியத்தை நம்ப வேண்டாம். 101 முதல் 250 மாணவர் உள்ள பள்ளிக்கு 50,000 ரூபாய், 251 முதல் 1,000 வரை 75,000 ரூபாய் என்பது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் அளவுகோல். சுண்ணக்கட்டி, மின்விளக்கு, குழாய் ரிப்பேர் என்றே அது கரைந்துவிடும். கூரை வந்த பிறகு அதைப் பராமரிக்க வேண்டுமானால் அதிலிருந்து கொஞ்சம் ஒதுக்கலாம்.

பெரிய தொகைக்கு வழி மூன்று. முதலாவது மக்கள் பிரதிநிதிகளின் தொகுதி மேம்பாட்டு நிதி. சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. மாமன்ற உறுப்பினருக்கும் வார்டு மேம்பாட்டு நிதி உண்டு. இதில் எதுவும் பள்ளியின் கைக்கு வராது. மாநகராட்சிப் பொறியாளர் மதிப்பீடு போட்டு, டெண்டர் விட்டு, வேலையை முடித்துத் தருவார்கள். அதனால் தனியார் கடையில் வாங்கிய கொட்டேஷனோடு போய் நின்று பயனில்லை. மரியாதையாக வாங்கி மேசையில் வைப்பார்கள், அங்கேயே கிடக்கும். மண்டலப் பொறியாளரை மைதானத்துக்கு வரவழைத்து அளக்கச் சொல்லுங்கள். அவர் மதிப்பீட்டில் கையெழுத்துப் போட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இரண்டாவது ‘நமக்கு நாமே’ திட்டம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் தரப்பு கட்டினால் மீதியை அரசு போடும். வணிகர் சங்கம், குடியிருப்போர் சங்கம், பழைய மாணவர்கள் என நாலு பேர் சேர்ந்தால் எட்டக்கூடிய பங்குதான்.

மூன்றாவது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. எல்லோரும் சி.எஸ்.ஆர். என்று சொல்வது இதைத்தான். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-ன்படி 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கு இந்தப் பணத்தைக் கொண்டுவரத்தான் 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற அரசுத் திட்டம் தொடங்கப்பட்டது. மாநகராட்சிப் பள்ளி என்பதால் மாநகராட்சிக் கல்வித் துறையின் சம்மதக் கடிதத்தை முதலில் வாங்கிவிடுங்கள். கூரை கடைசியில் யாருடைய சொத்து என்று நிறுவனம் கண்டிப்பாகக் கேட்கும். சி.எஸ்.ஆர். பணத்தில் உருவாகும் சொத்து அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கக் கூடாது என்பது விதி. பொது அமைப்பின் பெயரில் இருக்கலாம். ‘மாநகராட்சியின் சொத்து’ என்று எழுதிய கடிதம் தயாராக இருந்தால் அந்தக் கேள்வி அங்கேயே முடியும்.

ஒரே ஒரு சிறிய கூரைதான் என்றால் மாமன்ற உறுப்பினரிடமிருந்து தொடங்குங்கள். சி.எஸ்.ஆர். அலுவலகங்களில் ஒரு கூரைக்கும் பத்துக் கூரைக்கும் ஓடும் காகிதம் ஒன்றுதான். ஆகவே பக்கத்துப் பள்ளிகள் நான்கைந்து சேர்ந்து கேட்டால் காது கொடுப்பார்கள். அவர்கள் ஆண்டுத் திட்டம் நிதியாண்டின் தொடக்கத்தில் உருவாவது. பிப்ரவரிக்குள் கொடுத்தால் ஏப்ரல் பட்டியலில் இடம் கிடைக்க வாய்ப்புண்டு. வெயில் சுட்ட பிறகு மே மாதம் போய் நின்றால், அடுத்த வெயிலுக்குத்தான்.

எதைக் கேட்டாலும் துணிக்கும் தகட்டுக்கும் மட்டும் கேட்காதீர்கள். கூரையின் செலவு மண்ணுக்கடியில் இருக்கிறது. அஸ்திவாரம், துத்தநாகப் பூச்சு, ஐந்து ஆண்டுப் பராமரிப்பு ஆகியவை மதிப்பீட்டில் இல்லை என்றால் பிறகு யாரும் தரமாட்டார்கள்.

தனியார் பள்ளி ஒன்றில் ‘ஷேட் ஃபண்ட்’ என்று ஒவ்வொரு பெற்றோரிடமும் கட்டாயமாகப் பணம் கேட்கிறார்கள். சரியா?
— ஒரு பெற்றோர், போரூர்

சரியில்லை. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் எந்தப் பெயரிலும் கட்டாயமாக வசூலிக்க முடியாது. விருப்பப்பட்டவர் நன்கொடை தருவது வேறு. தந்தால் ரசீது வாங்குங்கள். அறக்கட்டளைக்கு, 80ஜி என்று சொல்லிப் பழகிய நன்கொடை வரிச் சலுகை அனுமதி இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச் சலுகை கிடையாது.

நர்சரியில் கட்டும் பச்சை வலையையே கட்டிவிட்டால் என்ன? விலை ரொம்பக் குறைவு.
— உடற்கல்வி ஆசிரியர், திருவொற்றியூர்

ஒரு கோடையைச் சமாளிக்கக் கட்டலாம். அதை நிரந்தரக் கூரை என்று கணக்கில் எழுதாதீர்கள். செடிகளுக்கான நிழல்வலையில் 50, 75, 90 சதவீதம் என்று போட்டிருப்பது எவ்வளவு வெளிச்சத்தைத் தடுக்கிறது என்பதற்கான எண். புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கும் என்பது வேறு கணக்கு. வெளிச்சம் குறைந்தால் கண் கூசாது, அவ்வளவே. கோடை நண்பகலில் சென்னையின் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சகஜம். உலக சுகாதார நிறுவனம் 3-லிருந்தே பாதுகாப்பு தேவை என்கிறது. 50 சதவீத வலைக்கடியில் மத்தியான வெயிலில் பாதி அப்படியே குழந்தை மேல் விழும்.

பள்ளிக்கு வாங்க வேண்டியது பின்னல் நெசவில் வரும், எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் இழையாலான கூரைத் துணி. சதுர மீட்டருக்கு 300 கிராமுக்கு மேல் கனம் இருக்கும். நர்சரி வலை அதில் பாதிகூட வராது. புற ஊதாத் தடுப்பு 95 சதவீதத்துக்குக் குறையாது என்று காட்டும் பரிசோதனைச் சான்றைக் கேளுங்கள். நிறம் மாறினால் தடுப்பும் மாறும் என்பதால் நீங்கள் தேர்ந்தெடுத்த நிறத்துக்கான சான்றாக இருக்க வேண்டும். இந்தத் துணியில் காற்று மேலேறி வெளியே போகும், அதனால் கீழே புழுக்கம் தங்காது. மழை ஒழுகும், அது குறையில்லை.

மழையும் நனைக்கக் கூடாது என்றால் பி.வி.சி. பூசிய பாலியெஸ்டர் துணி உண்டு. கடைக்காரர்கள் ‘டென்சைல்’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தண்ணீர் இறங்க நல்ல சரிவு இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் நடுவே குளம் தேங்கி, அந்தக் கனத்திலேயே துணி தொய்ந்து பிய்யும். எதிரெதிர் மூலைகள் இரண்டை உயரத்திலும் மற்ற இரண்டைத் தாழ்விலும் கட்டுவது அதற்காகத்தான். அழகு என்பது உபரி.

இரண்டு துணியுமே தீயில் எரியும் அல்லது உருகும். சத்துணவுச் சமையலறைப் புகைபோக்கி, மின்கம்பி பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

தென்னங்கீற்றுப் பந்தல் போட்டால் இதைவிடக் குளிர்ச்சியாக இருக்குமே?
— வாசகி, மாதவரம்

இருக்கும். ஆனால் பள்ளி வளாகத்தில் வேண்டவே வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக்கூரையில் பிடித்த தீ 94 குழந்தைகளைப் பலி கொண்டது. அதற்குப் பின் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக்கூரைக்கு இடமில்லை. ஆண்டு விழாவுக்கு ஒருநாள் பந்தல் என்றாலும் கீற்று வேண்டாம்.

கடற்கரையிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் பள்ளி. போட்டு மூன்றே ஆண்டு ஆன துணிக்கூரை டிசம்பர் காற்றில் ஒரு மூலை பிய்ந்து, ஒரு தூண் சாய்ந்துவிட்டது. போட்டவர் ‘இயற்கைச் சீற்றம்’ என்று கையை விரிக்கிறார். தவறு யாருடையது?
— பள்ளித் தாளாளர், திருவான்மியூர்

சென்னையில் டிசம்பர் காற்று எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் நகரத்தை என்ன செய்தது என்று எல்லோரும் பார்த்தோம். கட்டடங்களின் காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, பகுதி 3. அதில் சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 150 கிலோ அழுத்தம் வரும்.

உங்கள் கூரை 20-க்கு 30 அடி என்று வைத்துக்கொள்வோம். 56 சதுர மீட்டர். முழு அழுத்தமும் மேல்நோக்கித் தூக்கினால் 8 டன்னுக்கு மேல். பின்னல் துணி காற்றைக் கொஞ்சம் விடும், தரநிலையிலும் குறைப்புக் காரணிகள் உண்டு. பாதியாகவே எடுத்துக்கொண்டாலும் 4 டன், நான்கு தூண்களுக்குத் தலைக்கு ஒரு டன். இப்போது அஸ்திவாரத்துக்கு வாருங்கள். பல இடங்களில் வெல்டர் போடுவது ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி, ஒன்றரை அடி ஆழம். அதில் நிற்கும் கான்கிரீட்டின் எடை சுமார் 230 கிலோ. மூன்றுக்கு மூன்று, நான்கு அடி ஆழம் என்றால் 2.4 டன். வித்தியாசம் புரியும். அதோடு துணி மேலே தூக்குவதைவிட உள்பக்கமாக இழுப்பதுதான் அதிகம். தூண் சாய்வது அதனால்தான். உங்கள் பகுதி மணல் மண், பக்கவாட்டில் பிடிமானம் குறைவு. வேளச்சேரிப் பக்கத்துக் களிமண்ணோ மழையில் ஊறி இளகும். மண்ணைப் பார்த்துக் குழியின் அளவைத் தீர்மானிக்க வேண்டியவர் கட்டமைப்புப் பொறியாளர். அவர் கையெழுத்திட்ட வரைபடம் உங்கள் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், போட்டவரிடம் அதன்படி செய்தீர்களா என்று கேட்கலாம். இல்லாவிட்டால் பள்ளி நிர்வாகத்துக்கும் இந்தத் தவறில் பங்குண்டு.

மூலை பிய்ந்தது துணியால் ஆகியிருக்காது, நூலாக இருக்கலாம். துணி பத்து ஆண்டு தாங்கும்போது சாதாரண பாலியெஸ்டர் தையல்நூல் மூன்று நான்கு ஆண்டிலேயே வெயிலில் இற்றுவிடும். டெஃப்லான் என்று சொல்லும் பி.டி.எஃப்.இ. நூலில் தைக்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். இன்னொரு காரணம் தொய்வு. புதுத் துணி முதல் சில வாரங்களில் நெகிழும். மூலையில் இருக்கும் டர்ன்பக்கிள் என்ற இறுக்குத் திருகைத் திருகி மறுபடி இறுக்காமல் விட்டால் துணி படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், ஒவ்வோர் அடியும் தையலுக்கு.

துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் ‘ஜி.ஐ. பைப்’ என்று துத்தநாகம் பூசிய குழாயை வாங்கி, வெட்டி, வெல்டிங் வைத்தால் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோயிருக்கும். உப்புக் காற்று முதலில் பிடிப்பது அங்கேதான். வெல்டிங் எல்லாம் முடித்த பிறகு தூணை முழுசாக உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுக்க வேண்டும். ஷேக்கிள் என்ற இணைப்பு வளையம், டர்ன்பக்கிள், ஓரக்கம்பி ஆகியவற்றுக்கு எஸ்.எஸ். 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு போடுங்கள். 304 கடலோரத்தில் புள்ளி புள்ளியாக அரிக்கும். தூணின் அடியில் கான்கிரீட்டின் மேல்பரப்பைத் தரையைவிட உயர்த்தி, வெளிப்பக்கம் சரிவாகத் தேய்த்து விட வேண்டும். தண்ணீர் தேங்கினால் அந்த ஓரத்திலேயே தூண் அறுந்துபோகும்.

புயல் எச்சரிக்கை வந்ததும் துணியை இறக்கிவிட வேண்டும். அப்போது ஏணி தேடி ஆள் தேடி ஓடுவதைவிட, நவம்பர் நடுவில் இறக்கி ஜனவரி முடிவில் ஏற்றுவது நிம்மதி. நன்றாகக் காயவைத்து மடியுங்கள், எலி கடிக்காத இடத்தில் வையுங்கள்.

கூரை போட்டாயிற்று. ஆனால் மூன்று மணிக்கு நிழல் மணல்தொட்டியில் இல்லை, பக்கத்துச் சுவரில் விழுகிறது!
— மழலையர் பள்ளி ஆசிரியை, ஆதம்பாக்கம்

கூரையை மணல்தொட்டிக்கு நேர்மேலே போட்டிருப்பார்கள். நண்பகலில் மட்டும்தான் அது சரிப்படும். 13 அடி உயரக் கூரையின் நிழல் பிற்பகல் மூன்று மணிக்கு ஏறத்தாழ 13 அடி கிழக்கே தள்ளி விழும். காலை ஒன்பதே காலுக்கு அதே அளவு மேற்கே. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நண்பகலில் தலைக்கு நேர்மேலே நிற்கும். ஜூனில் கொஞ்சம் வடக்கே சாயும், டிசம்பரில் தெற்கே நன்றாகச் சாய்ந்து, அதே கூரையின் மத்தியான நிழலைப் பத்தடி வடக்கே தள்ளிவிடும்.

இப்போது செய்யக்கூடியது, மேற்கு ஓரத்தில் செங்குத்தாக ஒரு துணித் திரை தொங்கவிடுவது. அதைவிடச் சுலபம் மணல்தொட்டியை நகர்த்துவது. இனிமேல் போடப்போகிறவர்கள், கூரை வரவேண்டிய உயரத்துக்கு ஒரு மூங்கிலை நட்டு, குழந்தைகள் வெளியே வரும் நேரங்களில் அதன் நுனி நிழல் விழும் இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துப் பாருங்கள். இரண்டு நாள் வேலை, காசு செலவில்லை. பிற்பகல் விளையாட்டுதான் அதிகம் என்றால் கூரை மேற்கே தள்ளி நிற்க வேண்டும் என்பது கண்ணுக்கே தெரியும்.

ஊஞ்சல், சறுக்குமரத்தைச் சுற்றி ஆறடிக்குள் தூண் வரக் கூடாது. மற்ற தூண்களுக்கும் ஆறடி உயரம் வரை மெத்தை சுற்றுங்கள். துணியின் தாழ்ந்த மூலை ஒன்பது அடிக்குக் கீழே இறங்கினால் யாராவது ஒரு பையன் எகிறிப் பிடித்துத் தொங்குவான்.

தகரக்கூரைக்கு அடியில் இன்னும் சூடாக இருக்கிறதே, ஏன்?
— ஏழாம் வகுப்பு மாணவி, பெரம்பூர்

வெயிலை வாங்கிய தகடே அடுப்பு மாதிரிக் கீழே அனலை இறக்குகிறது. உயரம் குறைந்தால் அனல் கூடும். 12 அடிக்கு மேல், வெள்ளை நிறம், நாலு பக்கமும் திறப்பு என்றிருந்தால் தாங்கும்.

எங்கள் பழைய மாணவர்கள் அமெரிக்காவில் நிறையப் பேர். பணம் அனுப்பத் தயார். அங்கே பள்ளி நிழற்கூரைக்கென்றே மானியம் தருகிறார்களாமே, நாமும் கேட்கலாமா?
— அரசு உதவிபெறும் பள்ளி நிர்வாகி, புரசைவாக்கம்

நீங்கள் கேள்விப்பட்டது அமெரிக்கன் அகாடமி ஆஃப் டெர்மட்டாலஜி என்ற தோல் மருத்துவர்கள் சங்கத்தின் மானியமாக இருக்கும். தோல் புற்றுநோயைத் தடுக்கும் நோக்கில், நிரந்தரக் கூரை ஒன்றுக்கு 8,000 டாலர் வரை தருகிறது. அது அந்த நாட்டு அமைப்புகளுக்கு. ஆனாலும் அதன் நிபந்தனை ஒன்றை நாம் எடுத்துக்கொள்ளலாம். வெயில் பாதுகாப்புத் திட்டம் ஏற்கெனவே நடத்திவரும் இடத்துக்குத்தான் அங்கே கூரை. நீங்களும் விளையாட்டு வகுப்பைப் பத்து மணிக்கு முன்போ மூன்றரைக்குப் பின்போ மாற்றிய கால அட்டவணையை விண்ணப்பத்தோடு இணைத்தால் உள்ளூர் நன்கொடையாளரின் பார்வையே மாறும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததையும் குறிப்பிடுங்கள். நம் ஊரில் தோல் புற்றுநோயைவிட வெப்பமே பெரிய வாதம்.

அமெரிக்கப் பணத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. அனுப்புகிறவர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் என்றால், ஓ.சி.ஐ. என்ற வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கான அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ, கூடவே புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்ற கணக்கும் இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. ‘என் தம்பி கணக்குக்குப் போட்டுவிடுகிறேன், அவன் கொடுப்பான்’ என்ற குறுக்குவழிக்கு இடம் கொடுக்காதீர்கள். மாட்டிக்கொள்வது பள்ளியின் பெயர்.

இவ்வளவு பாடுபடுவதற்கு மரம் நடலாமே?
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தாம்பரம்

நடுங்கள், கூரையும் போடுங்கள். மரம் நிழல் தர நாலைந்து ஆண்டாவது ஆகும், இப்போது ஒன்றாம் வகுப்பில் இருக்கும் குழந்தை அதற்குள் ஐந்துக்குப் போய்விடும். புங்கன், பூவரசு, வேம்பு, மகிழம் எல்லாம் நம் மண்ணுக்கு ஒத்தவை. புங்கன் வெயிலுக்கு முன் இலை உதிர்த்தாலும் சீக்கிரமே துளிர்த்துவிடும். பெருங்கொன்றை, குல்மோகர் இரண்டும் மைதானத்தில் வேண்டாம், காற்றில் கிளை முறியும். முருங்கையும் வேண்டாம், கம்பளிப்பூச்சி. மூன்றடி ஆழ அகலக் குழி, சுற்றுக்கூண்டு, கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள். இந்தக் கடைசி ஏற்பாடு இல்லாமல்தான் பெரும்பாலான கன்றுகள் மே மாதத்தில் காய்கின்றன. கூரைக்கு இடம் வேண்டுமென்று இருக்கிற மரத்தில் கை வைக்காதீர்கள், வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும்.

மூன்று கொட்டேஷன் வாங்கினோம். ஒன்று மற்றொன்றின் இரண்டு மடங்கு. எப்படி ஒப்பிடுவது?
— பெற்றோர் ஆசிரியர் கழகப் பொருளாளர், அம்பத்தூர்

மொத்தத் தொகையை மறைத்துவிட்டு வரிகளைப் பாருங்கள். ‘20-க்கு 30 கூரை, முழுவதும் சேர்த்து’ என்ற கொட்டேஷனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். துணியின் கிராம் கனம், நூலின் வகை, தூணின் விட்டமும் சுவர்த் தடிமனும், துத்தநாகம் எந்த முறையில், குழியின் நீள அகல ஆழம், கான்கிரீட்டின் தரம், ஜி.எஸ்.டி. உள்ளேயா வெளியேயா என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். விலை பாதியாக இருப்பவர் பெரும்பாலும் குழியிலும் தூணின் தடிமனிலும்தான் குறைத்திருப்பார்.

உத்தரவாதத்தையும் பிரித்துக் கேளுங்கள். ‘பத்து வருஷம் வாரண்டி’ என்பது துணிக்கு மட்டும் இருக்கும், தையலுக்கு ஓராண்டு என்று கீழே பொடி எழுத்தில் வரும். பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். குழியில் கம்பி கட்டியதும் அளவு நாடாவோடு புகைப்படம் எடுத்து, பொறியாளர் பார்த்த பிறகுதான் கான்கிரீட். அதற்குப் பிறகு இரண்டாம் தவணை. கடைசித் தவணையில் கொஞ்சத்தை, முதல் மாதம் முடிந்து மறுபடி வந்து துணியை இறுக்கும் வரை நிறுத்தி வையுங்கள். அன்றைக்கே உங்கள் காவலாளிக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும் துணியை இறக்கி ஏற்றும் விதத்தைச் செய்து காட்டச் சொல்லி, டர்ன்பக்கிள் திருகும் ஸ்பேனர் ஒன்றைப் பள்ளியிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.